குரல் யாருக்குச் சொந்தம்? கொல்கத்தா வானொலியின் பீரேந்திர கிருஷ்ண பத்ரா விட்டுச்சென்ற வழக்கு

கொல்கத்தா: மகாளய அமாவாசை என்றால் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது ராமேசுவரத்தின் அக்னி தீர்த்தமும், காவிரிக் கரையில் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் கூட்டமும்தான். மேற்கு வங்கத்திலும் அன்று கங்கைக் கரையில் தர்ப்பணம் உண்டு. ஆனால் அதற்கு முன்பே, இருள் பிரியாத அதிகாலை 4 மணிக்கு, அங்கே வானொலிப் பெட்டிகள் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆண்டின் மற்ற 364 நாள்களில் வானொலியைத் தொடாத வீடுகளும் அன்று ஒரு நாள் அதைத் தேடி எடுக்கின்றன. ஒன்றரை மணி நேரம் ஒலிக்கும் அந்த நிகழ்ச்சியின் பெயர் 'மகிஷாசுரமர்த்தினி'. அதில் தேவி மாகாத்மியத்தின் சுலோகங்களை ஓதி, கதை சொல்லிச் செல்லும் குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ராவினுடையது. அவர் மறைந்தது 1991 நவம்பரில்.

2025ஆம் ஆண்டில் மகாளயம் செப்டம்பர் 21ஆம் தேதி வந்தது; வழக்கம்போல அந்தக் குரலும் வந்தது. அதே மாத இறுதியில், பாடகி ஆஷா போஸ்லேயின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுத்துப் பயன்படுத்துவதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டு செய்திகளும் வெவ்வேறு பக்கங்களில் இடம்பெற்றவை. ஒன்றை ஆன்மிகச் செய்தியாகவும் மற்றொன்றைச் சட்டச் செய்தியாகவும் வாசகர்கள் கடந்திருக்கக்கூடும். ஆனால் இரண்டின் அடியிலும் இருக்கும் கேள்வி ஒன்றே: ஒருவருடைய குரல் யாருக்குச் சொந்தம்? அந்தக் கேள்விக்கு நிலையமும் நேயர்களும் சட்டமும் அளித்த விடைகளைப் பத்ராவின் வாழ்க்கை ஒருசேரக் காட்டுகிறது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கார்ஸ்டின் பிளேஸில் தொடங்கிய பயணம்

இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் 1927 ஜூலையில் பம்பாயிலும், ஆகஸ்ட் 26ஆம் தேதி கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கியது. கல்கத்தா நிலையம் டல்ஹவுசி சதுக்கத்துக்கு அருகே கார்ஸ்டின் பிளேஸ் முதலாம் எண் கட்டடத்தில் இயங்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் நிறுவனம் நொடித்துப்போனது. 1930 ஏப்ரலில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1936 ஜூனில் அது அகில இந்திய வானொலி ஆனது.

பத்ரா 1905 ஆகஸ்ட் 4ஆம் தேதி வட கல்கத்தாவில் பிறந்தவர். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்து 1928ல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற வங்காளி இளைஞருக்கு அக்காலத்தில் ரயில்வே அலுவலகமோ வணிக நிறுவனமோ தரும் எழுத்தர் வேலைதான் பாதுகாப்பான வாழ்க்கை. வானொலி என்பது வேலை என்றே எவரும் எண்ணாத காலம். அதற்கு என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு முன்மாதிரியும் கிடையாது. அந்த வெற்றிடத்தைத்தான் பத்ராவும் அவருடைய நண்பர்களும் நிரப்பினர்.

அவர் செய்தது ஒரே வேலை அன்று. நாடகம் எழுதினார், இயக்கினார், நடித்தார். 'பிருபாக்ஷன்' என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினார். பெண்களுக்கான நிகழ்ச்சியை 'விஷ்ணு சர்மா' என்ற பெயரில் நடத்தினார். பஞ்சதந்திரத்தின் ஆசிரியர் பெயரை அறிவிப்பாளர் ஒருவர் எடுத்துக்கொண்டதில் ஒரு குறும்பு இருக்கிறது. பிமல் மித்ராவின் 'சாகேப் பிபி கோலாம்' நாவலை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 1941 ஆகஸ்ட் 7ஆம் தேதி ரவீந்திரநாத் தாகூர் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தை நேரடியாக வருணித்து வங்கமெங்கும் கொண்டுசென்றது அவருடைய குரல். ஊர்வலத்தைக் காண முடியாத ஊர்களுக்கு, அது நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் துயரம் போய்ச் சேர்ந்தது. நேரடி வருணனை என்ற கலை இந்திய மொழிகளில் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இது சிறிய செய்தி அன்று.

இருப்பினும், இவை எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட்டது ஒரே ஒரு நிகழ்ச்சி.

மூவர் கட்டிய காலைப்பொழுது

1930களின் தொடக்கத்தில் உருவான 'மகிஷாசுரமர்த்தினி'க்குப் பிரதி எழுதியவர் பாணிகுமார் என்று அறியப்பட்ட வைத்தியநாத் பட்டாசார்யா. இசையமைத்தவர் பங்கஜ் குமார் மல்லிக். ஓதியவர் பத்ரா. மூவரும் வானொலிக்காரர்கள், மூவரும் இளைஞர்கள். பிரதியில் மார்க்கண்டேய புராணத்தின் சமஸ்கிருதச் சுலோகங்களும், வங்காள உரைநடையும், பாடல்களும் பின்னிக் கிடந்தன. சடங்குக்குரிய நூலைப் பூசை மண்டபத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கிக்குள் வைத்தது அந்தக் கூட்டணி.

எதிர்ப்பு வராமல் இல்லை. பத்ரா காயஸ்தர், பிராமணர் அல்லர். பிராமணர் அல்லாதவர் சண்டி பாராயணம் செய்வதா என்று வைதிகர் தரப்பில் முணுமுணுப்பு எழுந்தது. பாணிகுமாரோ பட்டாசார்யா, அதாவது பிராமணர். ஆனால் பத்ராதான் ஓத வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். வாத்தியக் குழுவில் முஸ்லிம் கலைஞர்களும் இருந்தனர். தமிழ்நாட்டில் கோயில் நுழைவுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் கல்கத்தாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இது நடந்தது. சட்டம் எதுவும் தலையிடவில்லை. ஒலிபரப்பு தொடர்ந்தது, கேட்டவர்களுக்குக் குரல் பிடித்துப்போனது, முணுமுணுப்பு ஓய்ந்தது.

பல ஆண்டுகள் இது முழுக்க நேரடி ஒலிபரப்பு. கலைஞர்கள் நள்ளிரவு தாண்டியதும் நிலையத்துக்கு வந்து கூடுவார்கள். பத்ரா நீராடி, பட்டு வேட்டி அணிந்து ஒலிவாங்கியின் முன் அமர்வார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி. துவிஜேன் முகோபாத்யாய், சுப்ரீதி கோஷ், சந்தியா முகோபாத்யாய், ஷியாமள் மித்ரா எனப் பிற்காலத்தில் வங்க இசையின் பெரும் பெயர்களாக விளங்கியவர்கள் அதில் பாடினர். ஆண்டுதோறும் பிரதியில் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன, பாடகர்கள் மாறினர். 1958ல் நிலையம் ஈடன் தோட்டத்துக்கு அருகே புதிய ஆகாசவாணி பவனுக்கு இடம்பெயர்ந்தது. 1960களில் நேரடி ஒலிபரப்பு நின்று, ஒலிநாடாவில் பதிந்ததை ஒலிக்கவிடும் வழக்கம் வந்தது. கிராமபோன் நிறுவனமும் அதை இசைத்தட்டாக வெளியிட்டது.

அந்த மாற்றம் வெறும் தொழில்நுட்ப வசதியாகத் தோன்றலாம். நேரடி ஒலிபரப்பு இருந்தவரை நிலையத்துக்கு ஆண்டுதோறும் பத்ரா தேவைப்பட்டார். ஒலிநாடா வந்தபின் அவருடைய குரல் மட்டும் போதுமானதாயிற்று.

ஒப்பந்தக் கலைஞர் என்ற பெயர்

அகில இந்திய வானொலியில் நிலைய இயக்குநர், பொறியாளர், எழுத்தர் ஆகியோர் அரசு ஊழியர்கள். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசியவர்களும் பாடியவர்களும் வாசித்தவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் 'நிலையக் கலைஞர்கள்'. இவர்கள் ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்தப்பட்டவர்கள். ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்படும், ஊதியத்துக்குக் 'கட்டணம்' என்று பெயர், ஓய்வூதியம் கிடையாது. கேட்பவர்களுக்கு வானொலி என்றாலே இவர்கள்தான். கோப்புகளில் இவர்கள் விருந்தினருக்குச் சற்று மேலானவர்கள்.

பத்ராவும் இந்த வகையில்தான் அடங்கினார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்தவருக்கு முதுமையில் ஓய்வூதியம் இல்லை. ஓய்வுக்குப் பின் ஒருமுறை நிலையத்துக்குச் சென்றபோது, வாயிற்காவலர் அவரை அடையாளம் தெரியாமல் அனுமதிச் சீட்டு கேட்டு நிறுத்தினார் என்ற நிகழ்வு கொல்கத்தாவில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. வானொலியில் முகம் இல்லை. அவர் பேசியிருந்தால் ஒருவேளை கதவு திறந்திருக்கும்.

நிலையக் கலைஞர்களின் நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு, 1982ல் அவர்களை அரசு ஊழியர்களாகக் கருதும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. வானொலியின் நிலையக் கலைஞர்கள் அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு பாதுகாக்கும் குடிமைப் பணியில் இருப்பவர்களே என்று 1987ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1982ல் பத்ராவுக்கு வயது 77. அந்தக் கதவு திறந்தபோது அவர் வெளியேறி வெகுகாலம் ஆகியிருந்தது.

எல்லா அரசு வானொலிகளும் தம் குரல்களை இப்படித்தான் நடத்தின என்று சொல்லிவிட முடியாது. ரஷ்யாவில் யூரி லெவிதான் என்ற அறிவிப்பாளர் இருந்தார். 1914ல் விளாதிமிர் நகரில் பிறந்தவர். ஜெர்மனி தாக்குதல் தொடுத்ததை 1941 ஜூன் 22ஆம் தேதியும், வெற்றிச் செய்தியை 1945 மே மாதமும் சோவியத் மக்களுக்கு அறிவித்தது அவருடைய குரல். 1961 ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குச் சென்றதையும் அவரே அறிவித்தார். 1980ல் சோவியத் ஒன்றியத்தின் மிக உயர்ந்த கலைப் பட்டமான 'மக்கள் கலைஞர்' பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. அறிவிப்பாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. போர்க்கால ஒலிபரப்புகள் பதிவு செய்யப்படாததால், பிற்காலத்தில் அவரை அழைத்து அதே அறிவிப்புகளை மீண்டும் வாசிக்கச் செய்து பதிந்துகொண்டனர். இன்று ஆவணப்படங்களில் நாம் கேட்பது அந்த மறுவாசிப்பையே.

லெவிதானை உயர்த்திப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. அரசு எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் வாசிக்க அவருக்கு உரிமை இருந்ததில்லை. அங்கே அரசு அந்தக் குரலைத் தன்னுடையது என்று வெளிப்படையாக அறிவித்து, அதற்குரிய பட்டத்தையும் கொடுத்தது. இங்கே குரலை எடுத்துக்கொண்டது. ஆளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது.

கல்கத்தாவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது ஆகாசவாணி கல்கத்தாவின் செய்திகளையும் 'சங்பாத் பரிக்ரமா' என்ற செய்தி விமர்சனத்தையும் வாசித்த தேவதுலால் பந்தோபாத்யாய்க்கு 1972ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. எல்லையின் அப்பக்கம் மறைந்திருந்து கேட்டவர்களுக்கு அந்தக் குரல்தான் போர் எந்தத் திசையில் செல்கிறது என்பதற்குச் சான்று. அவர் வாசித்த விமர்சனத்தை எழுதியவர் பிரணவேஷ் சென். விருது குரலுக்குப் போனது. எழுதிய கை அந்த அளவு அறியப்படவில்லை. வானொலியின் கணக்கில் இப்படியும் ஒரு பற்று உண்டு.

1976: நேயர்கள் எழுதிய தீர்ப்பு

நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த காலம். கல்கத்தாவில் தொலைக்காட்சி தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. பாணிகுமார் 1974ல் மறைந்துவிட்டார். பங்கஜ் மல்லிக் 1929 முதல் வானொலியில் நடத்திவந்த இசைப் பயிற்சி நிகழ்ச்சி 1975ல் நிறுத்தப்பட்டது. அது அவரைப் பெரிதும் புண்படுத்தியது. பத்மஸ்ரீயும் தாதாசாகேப் பால்கே விருதும் பெற்ற இசையமைப்பாளரின் நிலையே அதுவென்றால், மற்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தின் பழைய தலைமுறையை ஓரங்கட்டிப் புதிய முகங்களைக் கொண்டுவரும் முனைப்பு அதிகாரிகளிடம் இருந்தது.

அந்த முனைப்பின் உச்சமாக, 1976 செப்டம்பர் 23ஆம் தேதி மகாளய அதிகாலையில் 'மகிஷாசுரமர்த்தினி' ஒலிக்கவில்லை. அதன் இடத்தில் 'துர்கா துர்கதிஹாரிணி' ஒலித்தது. பிரதி தியானேஷ் நாராயண் சக்ரவர்த்தியுடையது. இசை ஹேமந்த முகர்ஜி. பத்ராவின் இடத்தில் வங்கத் திரையுலகின் நாயகன் உத்தம் குமார். தமிழ் வாசகர்களுக்கு ஒப்பிட்டுச் சொல்வதென்றால், எம்.எஸ்.சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டு, அன்றைய உச்ச நட்சத்திரம் ஒருவரை அதைச் சொல்ல வைத்ததற்கு இணையான முடிவு. நட்சத்திரத்தின் திறமை பற்றிய பேச்சே அங்கே எழாது.

கல்கத்தா கொதித்தது. நிலையத்தின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன; ஆகாசவாணி பவன் முன்பு மக்கள் திரண்டனர்; பத்திரிகைகளுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த, கூட்டம் கூடவே அஞ்சிய காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அரசியல் முழக்கம் எழுப்ப முடியாதவர்கள் ஒரு குரலைத் திரும்பக் கேட்டுத் தெருவுக்கு வந்தனர். அதில் அடக்கிவைத்த வேறு கோபங்களும் கலந்திருந்தன என்று கருத இடமுண்டு. உத்தம் குமார் பத்ராவின் வீட்டுக்கே சென்று தம் தயக்கத்தைத் தெரிவித்தார் என்றும், பத்ரா அவரை வாழ்த்தி அனுப்பினார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. 2019ல் சௌமிக் சென் இயக்கத்தில் வெளியான 'மகாளயா' திரைப்படம் இந்த நிகழ்வுகளை மையமாகக் கொண்டதே.

நிலையம் பணிந்தது. அதே ஆண்டு துர்கா பூஜையின் சஷ்டி நாளில் பழைய நிகழ்ச்சி மீண்டும் ஒலிபரப்பானது. அடுத்த ஆண்டு முதல் மகாளய அதிகாலை மறுபடியும் அதற்கே உரியதாயிற்று. பிரசார் பாரதி உருவான பின்னும், அலுவல்முறைப் பெயர் ஆகாசவாணி என்று 2023ல் மாற்றப்பட்ட பின்னும் அந்த நேரத்தில் மட்டும் எவரும் கைவைக்கவில்லை. அந்தப் பெயர் மாற்றத்துக்குத் தமிழ்நாட்டில் கண்டனம் எழுந்தது. இங்கே 'வானொலி' என்ற சொல்லுக்கு உள்ள உரிமை போன்றதுதான் அங்கே அந்தக் குரலுக்கு உள்ள உரிமை.

1976 நிகழ்வை மக்கள் சக்தியின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வெற்றி உண்மையானதே. ஆனால் அந்த வெற்றியால் பத்ராவுக்குக் கிடைத்தது என்ன? நேயர்கள் குரலைத் திரும்பக் கேட்டனர், கிடைத்தது. ஒப்பந்தம் அப்படியே இருந்தது. ஓய்வூதியம் வரவில்லை. ஒரு குரலை உயிருக்கு நிகராக நேசித்த ஊர், அந்தக் குரலுக்குரியவர் எப்படி வாழ்கிறார் என்பதை ஒரு கோரிக்கையாக எழுப்பவில்லை. நிலையம் ஒருவகையில் அவரை மறந்தது; நேயர்கள் இன்னொரு வகையில் மறந்தனர்.

சட்டம் வந்தது, காலம் கடந்து

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரதியின் ஆசிரியரையும் இசையமைப்பாளரையும் ஒலிப்பதிவின் உரிமையாளரையும் அறிந்திருந்தது, ஓதுபவரை அறிந்திருக்கவில்லை. நிகழ்த்துநருக்கென்று தனி உரிமை 1994ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் வந்தது. அதாவது பத்ரா மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். முதலில் 25 ஆண்டுகள் என்றிருந்த அந்த உரிமை, 1999ல் 50 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் திருத்தம், வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை பெறுவதற்கும், தம் பெயரைக் குறிப்பிடக் கோருவதற்கும், நிகழ்த்துதலைத் திரிப்பதைத் தடுப்பதற்கும் நிகழ்த்துநருக்கு வழிசெய்தது.

இவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட நிகழ்த்துதலுக்கான உரிமைகள். குரல் என்ற பொதுவான பண்புக்கு இந்தியாவில் இன்றும் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றங்களே வழக்குக்கு வழக்கு அதைக் கட்டிவருகின்றன. 2022 நவம்பரில் அமிதாப் பச்சனின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றைப் பிறர் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2024 ஜூலையில், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தைச் சேர்ந்த பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நகலெடுப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆஷா போஸ்லே வழக்கு அதன் தொடர்ச்சி.

இந்த வழக்குகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு: வழக்குத் தொடுத்தவர்கள் உயிருடன் இருந்தவர்கள், புகழுடன் வசதியும் படைத்தவர்கள். இறந்தவர் விஷயத்தில் நீதிமன்றங்களின் போக்கு வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வருவதில்லை என்ற நிலைப்பாட்டை 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் 2023ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே திசையில் சென்றது. கருத்துச் சுதந்திரத்தைக் காக்க இந்த நிலைப்பாடு தேவை என்பதை மறுக்க முடியாது. வாரிசுகளின் அனுமதி இன்றி வரலாறு எழுத முடியாது என்ற நிலை வந்துவிடக் கூடாது. ஆனால் ஒருவரைப் பற்றிப் படம் எடுப்பதும், அவர் சொல்லாததை அவருடைய குரலிலேயே சொல்ல வைப்பதும் ஒன்றல்ல.

இது கற்பனையான அச்சம் அன்று. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை வழங்கியதாகவும் அவர் தெரிவித்தார். அதே காலகட்டத்தில், தெலுங்குப் படம் ஒன்றில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் அனுமதியின்றி உருவாக்கப்பட்டதாக அவருடைய மகன் சரண் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பினார். ஒரே தொழில்நுட்பம், ஓரிடத்தில் மரியாதையாகவும் மற்றோரிடத்தில் மனவேதனையாகவும் முடிந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானித்தது சட்டம் அன்று. இசையமைப்பாளர் ஒருவரின் பண்பு.

பத்ராவின் குரலுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஒன்றரை மணி நேரத் தெளிவான பதிவு எல்லாக் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது. அந்தத் தொனி கோடிக்கணக்கானவர்களின் நினைவில் பக்தியோடு பிணைந்திருக்கிறது. அந்தக் குரலில் ஒரு விளம்பரமோ, வாக்கு கேட்கும் அழைப்போ தயாரிப்பது இன்று ஒரு பிற்பகல் வேலை. 2025 அக்டோபரில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதிகள், செயற்கையாக உருவாக்கிய ஒலிக்கு அடையாள அறிவிப்பு இருக்க வேண்டும் என்றன. அது 'இது அவர் குரல்தானா' என்ற கேள்விக்குப் பதில். 'யாரைக் கேட்டுச் செய்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024ல் இயற்றிய சட்டம், குரலை வெளிப்படையாகப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. இறந்த பின்னும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. டென்மார்க் அரசும் 2025ல் இதே நோக்கில் ஒரு சட்ட வரைவை முன்வைத்தது.

இன்றைய ஒலிவாங்கியின் முன்

நிலையக் கலைஞர் என்ற வகை இப்போது இல்லை. அந்த இடத்தில் 'தற்காலிக அறிவிப்பாளர்கள்' இருக்கிறார்கள். சென்னையாயினும் திருச்சியாயினும் கொல்கத்தாவாயினும், ஆகாசவாணியின் நிலையங்களில் நேயர்கள் நாள்தோறும் கேட்கும் குரல்களில் பல இவர்களுடையவை. பணிமுறைக்கு இவ்வளவு என்று கட்டணம். மாதத்துக்குச் சில பணிமுறைகள் மட்டுமே. நிரந்தரம் கோரி நாட்டின் பல பகுதிகளில் வழக்குகள். 1982ல் ஒரு தலைமுறைக்குத் தீர்க்கப்பட்ட சிக்கல், வேறு பெயரில் அடுத்த தலைமுறைக்கு வந்துசேர்ந்துள்ளது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் காலை வணக்கம் சொல்லிவரும் அறிவிப்பாளரை ஊரே அறியும். நிறுவனத்தின் ஊழியர் பட்டியல் அறியாது.

தனியார் பண்பலையில் கதை சற்று வேறு. கொல்கத்தாவின் மீர் அஃப்சர் அலி 1990களின் நடுப்பகுதியில் பண்பலைக்கு வந்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வங்கத்தின் மிகப் பரிச்சயமான தொகுப்பாளராக வளர்ந்தவர். ரேடியோ மிர்ச்சியின் 'சண்டே சஸ்பென்ஸ்' கதை வாசிப்பு நிகழ்ச்சியின் முதன்மைக் குரல்களில் ஒருவர். 2022ல் அந்நிறுவனத்திலிருந்து விலகி, யூடியூபில் தாமே கதை சொல்லும் தளத்தைத் தொடங்கினார். பழைய பதிவுகள் நிறுவனத்திடம் இருந்துவிட்டன. குரலை அவர் எடுத்துச் சென்றுவிட்டார். நேயர்களில் பெரும்பகுதியினர் குரலின் பின்னால் சென்றனர். பத்ராவுக்கு இருந்திராத வாய்ப்பு இது. அவருடைய காலத்தில் வங்க வானில் வானொலி ஒன்றே ஒன்றுதான். அதை விட்டு எங்கே போவது?

ஆனால் மீரின் பாதை எல்லாருக்கும் திறந்திருப்பதன்று. பெயரும் முகமும் ஏற்கெனவே அறியப்பட்டவருக்கே அது வழி. மாவட்ட நிலையத்தில் விவசாய நிகழ்ச்சி தொகுப்பவருக்கும், ஒலிநூல் நிறுவனத்துக்கு மணிக்கணக்கில் வாசித்துக் கொடுப்பவருக்கும், தொலைபேசிச் சேவைகளுக்குக் குரல் பதிந்து தருபவருக்கும் அந்த வழி இல்லை. பின்னால் எந்தப் பயன்பாட்டுக்கும், எந்தத் தொழில்நுட்பத்துக்கும் குரலைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், பேரம் பேசும் வலிமை இல்லாதவர் கையெழுத்திட்டுவிடுவார். தமிழ் போன்ற மொழிகளில் கணினிக் குரல் உருவாக்கத் தரமான பதிவுகள் குறைவு. ஆகையால் வானொலி நிலையங்களின் பழைய ஒலிநாடாக்களுக்கு, அவற்றைப் பதிந்தபோது எவரும் நினைத்திராத சந்தை மதிப்பு இப்போது உருவாகியிருக்கிறது. சரோஜ் நாராயணசுவாமியின் செய்தி வாசிப்பை நினைவில் வைத்திருக்கும் தலைமுறைக்கு அது உணர்வு சார்ந்த செல்வம்; குரல் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அது மூலப்பொருள்.

இந்தியாவின் மிகப் பெரிய குரல் கிடங்கு பிரசார் பாரதியிடம் இருக்கிறது. அதில் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கலைஞர்கள். பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் கையெழுத்திட்ட காலத்தில் ஒலிபரப்பு, மறு ஒலிபரப்பு என்ற இரண்டு பயன்பாடுகளே இருந்தன. அந்தக் கிடங்கைச் செயற்கைக் குரல் பயிற்சிக்கு எவருக்கேனும் திறந்துவிடுவதாயின், எந்த நிபந்தனையில், எந்த வாரிசிடம் கேட்டு, எவ்வளவு தொகை கொடுத்து என்ற கேள்விகளுக்கு நிறுவனம் இப்போதே எழுத்தில் விடை வைத்திருக்க வேண்டும். புதிய அறிவிப்பாளர் ஒப்பந்தங்களில் குரல் நகலெடுப்பைத் தனிப் பயன்பாடாகப் பிரித்து, தனி ஒப்புதலும் தனிக் கட்டணமும் வைப்பதற்குப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலைய இயக்குநரகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.